கொடித் தொழிலும் குடும்பப் பெயரும்

அன்புள்ள அம்மா,

நியூ ஜெர்சியில் வெரோனா என்ற ஊருக்குக் குடிவந்திருக்கிறோம். இங்கே ஒரு பழைய செங்கல் கட்டடம் முன்பு ஆனின் நிறுவனத்தின் கொடித் தொழிற்சாலையாக இருந்து, இப்போது அடுக்குமாடிக் குடியிருப்பாகியிருக்கிறது. 1847-இல் நியூயார்க்கில் தொடங்கிய அந்தத் தொழில் ஆறாவது தலைமுறையாக ஒரே குடும்பத்திடம் இருக்கிறது. நிலவில் நட்ட கொடியும் அவர்களுடையதுதானா? துணியை வெட்டித் தைப்பதில் பெரிய நுட்பம் ஒன்றும் இல்லை. அதிலேயே தந்தையிலிருந்து மகனுக்கு என்று இத்தனை காலம் நிலைக்க முடிந்திருக்கிறது. நம்மவர் தொழில்கள் ஏன் இரண்டாம் தலைமுறையிலேயே படுத்துவிடுகின்றன?

ரா.

அன்புள்ள தம்பிக்கு,

நிலவுக் கொடியைத் தயாரித்தது எந்த நிறுவனம் என்பதை உறுதிப்படுத்த நாசா மறுத்துவிட்டது. அது ஒரு வியாபாரிக்கு விளம்பரமாகிவிடக் கூடாது என்று நினைத்தார்கள். அந்தக் கேள்வியை அத்துடன் விடுவோம். நம்மவர் தொழில்களைப் பற்றிய புலம்பலுக்கும் நான் பதில் சொல்லப் போவதில்லை. நூறாண்டு கடந்த கடைகள் நம் ஊர்களிலும் இருக்கின்றன, நீங்களே தேடிக்கொள்ளலாம்.

ஆனால் "பெரிய நுட்பம் ஒன்றும் இல்லை" என்று எழுதினீர்களே, அதை என்னால் விட முடியாது. சில வாரங்களாக நான் பால்டிமோரின் ஒரு கொடித் தையல் வீட்டைப் பற்றியே படித்துக்கொண்டிருக்கிறேன். 1813-இல் அந்த நகரின் துறைமுகத்தைக் காத்த மெக்ஹென்றி கோட்டைக்காக மேரி பிக்கர்ஸ்கில் என்ற கைம்பெண் தைத்த அமெரிக்கக் கொடியின் அளவு 30 அடிக்கு 42 அடி. மறு ஆண்டு செப்டம்பரில் பிரிட்டிஷ் கப்பல்களின் குண்டுவீச்சு ஓய்ந்த காலையில் கோட்டையின் மேல் பறந்தது அந்தக் கொடிதான். பின்னாளில் அமெரிக்க தேசிய கீதமான பாட்டை பிரான்சிஸ் ஸ்காட் கீ எழுதியதும் அதைப் பற்றித்தான். இங்கிலாந்திலிருந்து வந்த கம்பளித் துணியின் அகலம் 18 அங்குலம். கொடியின் ஒவ்வொரு பட்டையும் ஏறத்தாழ இரண்டடி அகலம். ஆகவே பட்டைக்குப் பட்டை ஒட்டுப்போட்டு, அப்படிப்பட்ட 15 பட்டைகளைக் கடற்காற்றின் இழுப்புக்கு மூட்டு விடாதபடி கையாலேயே இணைக்க வேண்டியிருந்தது. பருத்தியில் வெட்டிய விண்மீனை நீலத் துணியின் ஒரு பக்கத்தில் வைத்துத் தைத்து, மறுபக்கம் நீலத்தை மட்டும் கத்தரித்து விளிம்பை மடித்துத் தைத்தால்தான் ஒரே விண்மீன் இருபுறமும் தெரியும். விண்மீன் கிழியாமல் அதன் மேலிருக்கும் துணியை மட்டும் வெட்டி எடுக்க என்ன கைப்பழக்கம் வேண்டும் என்று, ஊசி பிடித்த எவரையாவது கேட்டுப் பாருங்கள். வீட்டில் விரிக்க இடம் போதாமல், பக்கத்துப் பீர் ஆலையின் தானியக் கூடத்தில் அனுமதி பெற்று, தரையில் விரித்துப் பல நாட்கள் நள்ளிரவு வரை தைத்தார்கள். கூலிக்கும் துணிக்குமாகக் கிடைத்தது 405 டாலர் 90 சென்ட்.

"தந்தையிலிருந்து மகனுக்கு" என்ற உங்கள் கணக்குக்கு வருகிறேன். மேரியின் தாய் ரெபெக்கா யங், கணவரை இழந்தபின் பிலடெல்பியாவில் படைகளுக்குக் கொடி தைத்து விற்றவர். செய்தித்தாளில் விளம்பரமும் கொடுத்தார். தானும் கணவரை இழந்த மேரி, 1807-இல் தாயையும் மகளையும் அழைத்துக்கொண்டு பால்டிமோருக்கு வந்து, தாயிடம் கற்ற அதே தொழிலைத் தொடங்கினார். மகள் கரோலினும் பெரிய கொடியில் கைவைத்தாள். மூன்று தலைமுறைப் பெண்கள். ஆனால் யங், பிக்கர்ஸ்கில், பர்டி என்று திருமணத்துக்குத் திருமணம் பெயர் மாறியதால், இதை யாரும் தலைமுறைத் தொழில் என்று எண்ணுவதில்லை. பிலடெல்பியாவில் பெட்ஸி ராஸின் கொடித் தொழிலை எடுத்து நடத்திய மகள் கிளாரிஸ்ஸாவின் பெயர் வில்சன். தாய் அமெரிக்காவின் முதல் கொடியைத் தைத்தாரா இல்லையா என்ற ஆதாரமற்ற கதையைப் பேசுகிறவர்கள், அவர் பல பத்தாண்டுகள் தைத்ததையும் மகளுக்குக் கற்றுத்தந்ததையும் பேசுவதில்லை. மகன் இல்லாத வீட்டில் தொழில் அற்றுப்போகும் என்று நாம் முடிவுகட்டி வைத்திருப்பதால், தொழில் நடந்தும் நம் கண்ணில் படுவதில்லை.

குடும்பம் என்ற சொல்லுக்குள்ளும் எல்லாரும் அடங்குவதில்லை. மேரியின் அண்ணன் மகள்கள் இருவர் தைத்தார்கள். கிரேஸ் விஷர் என்ற கறுப்பினச் சிறுமியும் அப்போது அந்த வீட்டில் இருந்தாள். வீட்டு வேலையும் தையலும் கற்க, ஆறாண்டு ஒப்பந்தத்தில் சேர்க்கப்பட்டவள். கரோலின் முதுமையில், 1876-இல், கோட்டைத் தளபதி ஆர்மிஸ்டெட்டின் மகளுக்கு எழுதிய கடிதத்தில், தாய் தரையில் குனிந்து விண்மீன்களை வைத்ததும், தைத்தவரைத் தவிர வேறு யாரும் கிழிசலைத் தொடக் கூடாது என்று தளபதி சொன்னதும் இருக்கின்றன. அவ்வளவு அன்பான அந்தக் கடிதத்தில் கிரேஸின் பெயர் இல்லை. படிக்கும்போதெல்லாம் எனக்கு அது மனத்தை அறுக்கிறது.

கோபித்துக்கொள்ளாதீர்கள், தம்பி. புது ஊரைச் சுற்றிப் பார்த்து, ஒரு கட்டடத்தின் கதையை விசாரித்து எனக்கு எழுத வேண்டும் என்று தோன்றியதே, அது எல்லாருக்கும் தோன்றாது. அந்தத் தொழிற்சாலையில் தைத்தவர்கள் சிலர் இன்னும் உங்கள் ஊரில் இருக்கக்கூடும். தாயும் மகளுமாக எத்தனை பேர் அங்கே வேலை பார்த்தார்கள், பட்டைகளை இணைப்பதை யாரிடம் கற்றார்கள் என்று கேட்டு, பெயர்களோடு எனக்கு எழுதுங்கள்.