அப்டேட் நின்ற போனை என்ன செய்வது? கேள்வி பதில்

தருமபுரியில் செல்போன் சர்வீஸ் கடை நடத்துபவர் வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.

பாலக்கோடு வாசகர்: அண்ணே, என் போன் நன்றாகத்தான் ஓடுகிறது. ஆனால் அப்டேட் வருவது நின்றுவிட்டது. ஆண்ட்ராய்டு ஓப்பன் சோர்ஸ்தானே, அதாவது அதன் மூல நிரல் எல்லோருக்கும் திறந்ததுதானே, புது வெர்ஷனை நாமே போட்டுக்கொள்ள முடியாதா?

பதில்: ஆண்ட்ராய்டின் அடிப்படை திறந்ததுதான் தம்பி. அதற்கு அடியில் இருக்கும் லினக்ஸ் கெர்னல், அதாவது சிஸ்டத்தின் மையப் பகுதி, ஜிபிஎல் என்ற திறந்த உரிமத்தில் வருகிறது. அதனால் கம்பெனி தான் மாற்றிய கெர்னலின் சோர்ஸை, அதாவது மூல நிரலைக் கொடுத்தே ஆக வேண்டும். சிலர் தாமதமாகக் கொடுக்கிறார்கள், சிலர் அரைகுறையாக. சிக்கல் அதோடு முடிவதில்லை. கேமரா, கைரேகை, சிக்னல் பிடிக்கும் மோடம் எல்லாவற்றுக்கும் கெர்னலுக்கு வெளியே பூட்டிய கோப்புகள், அதாவது அவற்றை இயக்கும் டிரைவர் மாதிரியான மென்பொருள்கள், இருக்கின்றன. உரிமம் அங்கே எட்டாது. பழைய போன்களுக்கும் புது ஆண்ட்ராய்டு கொடுக்கும் லீனியேஜ் ஓஎஸ் என்ற திறந்த சிஸ்டத்தைச் செய்பவர்கள் பழைய சிஸ்டத்திலிருந்து அவற்றை உருவித்தான் சேர்க்கிறார்கள். அது சரியாகப் பொருந்தாவிட்டால் போன் ஆன் ஆகும், வாட்ஸ்அப் வரும், கேமராவைத் திறந்தால் கறுப்புத் திரை. அப்படி என் மேசைக்கு வந்த போன்கள் உண்டு.

ஊத்தங்கரை வாசகர்: அந்தப் பூட்டிய கோப்புகளைத் திறந்து கொடுத்துவிட்டால் கம்பெனிக்கு என்ன நஷ்டம்?

பதில்: பாதிக் கோப்புகள் அவர்களுடையதே இல்லை. சிப் செய்தவரும் சென்சார் செய்தவரும் ஒப்பந்தம் போட்டுக் கொடுத்தவை. சிப் கம்பெனி கைவிட்டால் போன் கம்பெனியும் கையை விரிக்கும். மனம் இருந்தால் வழி உண்டு: 2015இல் வந்த ஃபேர்போன் 2, சிப் ஆதரவு நின்ற பிறகும் லீனியேஜ்காரர்கள் உழைப்பைத் துணைக்கு வைத்துக்கொண்டு 2023 வரை அப்டேட் வாங்கியது. புதுப் போன் விற்க வேண்டும் என்ற கணக்கும் இதில் இருக்கிறது, அதை யாரும் வெளியே சொல்ல மாட்டார்கள்.

ஓசூர் வாசகி: எல்லாவற்றையும் திறந்தால் ஹேக்கர்களுக்கு வசதியாகிவிடாதா சார்?

பதில்: மூடிய டிரைவரிலும் ஓட்டை வருகிறதே அம்மா. அதை அடைக்க வெளியாட்களால் முடியாது, அவ்வளவுதான் வித்தியாசம். மோடத்துக்குள் ஓடும் ஃபர்ம்வேர் மென்பொருளை மட்டும் நான் கேட்க மாட்டேன். அலைவரிசைக்கு அரசு விதிகள் உண்டு. திறந்த போன் என்று வந்த பைன்போனிலும் ரேடியோ பகுதி மூடியதுதான். அப்டேட்டை நிறுத்தும் நாளில் மற்ற டிரைவர்களைத் திறந்துவிட்டு, வேறு சிஸ்டம் போடவிடாமல் தடுக்கும் பூட்லோடர் பூட்டையும் எடுத்துவிடட்டும். நான் கேட்பது இவ்வளவுதான். 2022இல் கிராபிக்ஸ் சிப் செய்யும் என்விடியா தன் கெர்னல் டிரைவரைத் திறந்தது, கடையை மூடிவிடவில்லையே!

காவேரிப்பட்டணம் வாசகர்: அதுவரை நாங்கள் என்ன செய்ய?

பதில்: பிக்சல் 8, கேலக்ஸி எஸ்24 முதலியவற்றுக்கு 7 வருட அப்டேட் என்று சொல்லியிருக்கிறார்கள். விலை கட்டாது என்றால், வாங்கும் மாடல் லீனியேஜ் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். பூட்லோடரைத் திறந்தால் போனில் இருப்பதெல்லாம் அழியும், சில பேங்க் ஆப்பும் மறுக்கும். மாங்காய் மண்டிப் பணம் வரும் போனில் மட்டும் கை வைக்காதீர்கள்.