ரஃப் தாளின் ஓரத்தில் ஏ முதல் இசட் வரை

அம்மா, உங்கள் கடிதம் கிடைத்தது. பி.எஸ்சி. கணிதத்தில் நல்ல மார்க் வாங்கிய பெண், மத்திய அரசு வேலைக்கான எஸ்.எஸ்.சி. மாதிரித் தேர்வில் கோடிங்–டீகோடிங் (ஒரு சொல்லை ஏதோ ஒரு விதிப்படி வேறு எழுத்தாகவோ எண்ணாகவோ மாற்றியிருப்பார்கள், அந்த விதியைக் கண்டுபிடிக்க வேண்டும்) வந்தால் மட்டும் திணறிப்போகிறாள், "அவளுக்கு மூளை அந்தப் பக்கம் ஓடாதோ?" என்று கேட்டிருக்கிறீர்கள். நன்றாகவே ஓடும். சின்ன வயதில் உங்களுக்குத் தெரியக்கூடாது என்று தோழியோடு 'க' பாஷை பேசியிருப்பாளே, "கநீ கவா" என்று? விதி தெரிந்தவருக்கு அது பேச்சு, தெரியாதவருக்கு உளறல். மாட்டுச் சந்தையில் துண்டுக்குள் விரலைப் பிடித்து விலை பேசுவதும் இதே கதைதான்.

நீங்கள் அனுப்பிய மூன்று மாதிரித் தாள்களையும் ரஃப் தாளோடு சேர்த்துப் பார்த்தேன். தப்பாகப் போட்டது குறைவு, போடாமல் விட்டதுதான் அதிகம். காரணம் தாளின் ஓரத்திலேயே இருக்கிறது. ஒவ்வொரு கேள்விக்கும் ஏ முதல் இசட் வரை வரிசையாக எழுதி, விரலால் எண்ணியிருக்கிறாள். எஸ்.எஸ்.சி. பட்டதாரிகளுக்கு நடத்தும் சி.ஜி.எல். தேர்வின் முதல் கட்டத்தில் 60 நிமிடத்துக்கு 100 கேள்வி. ஒன்றுக்கு 36 நொடி. 26 எழுத்தை எழுதி முடிப்பதற்குள்ளேயே பாதி நேரம் போய்விடும். தமிழ் மீடியத்திலிருந்து வரும் பிள்ளைகளில் பலர் இங்கேதான் சறுக்குகிறார்கள். எழுத்து தெரியும், எத்தனையாவது எழுத்து என்பது சட்டென்று வராது.

இனி கடிதத்தை அவளிடமே கொடுத்துவிடுங்கள்.

பாரும்மா, முதலில் ஐந்து எழுத்தை மட்டும் மனப்பாடம் பண்ணு. இ 5, ஜே 10, ஓ 15, டி 20, ஒய் 25. சேர்த்து 'ஈஜோட்டி' என்று சொல்லிக்கொண்டே இரு. ஆர் எத்தனையாவது என்றால் ஓ-வைப் பிடித்துக்கொண்டு மூன்று படி ஏறு, 18. எம் என்றால் ஜே-யிலிருந்து மூன்று, 13. (தமிழில் எழுதும்போது நாலாவது எழுத்தும் டி, இருபதாவது எழுத்தும் டி. அதனால் குழம்பும் இடத்தில் எண்ணையும் சேர்த்தே எழுதுகிறேன்.)

அடுத்தது எதிர் எழுத்து. ஏ-க்கு இசட், அடுத்ததற்கு ஒய் என்று போகும் ஜோடி. எந்த ஜோடியைக் கூட்டினாலும் 27 வரும். எண்ணால் கழித்தும் பிடிக்கலாம், ஆனால் பெயரால் பிடித்தால் இன்னும் வேகம். ஐ–ஆர் என்றால் இந்தியன் ரயில்வே. எச்–எஸ் என்றால் ஹை ஸ்கூல். ஏழாவது எழுத்து ஜி, இருபதாவது டி, சென்னையிலிருந்து டெல்லி போகும் ஜி.டி. எக்ஸ்பிரஸ். ஜே–க்யூ சீட்டுக்கட்டு ஜாக்கும் குயினும். இ–வி இப்போது தெருவில் ஓடும் எலெக்ட்ரிக் வண்டி. கே-யும் பதினாறாவது எழுத்தான பி-யும் என்றால் எனக்கு கே.பி. சுந்தராம்பாள்தான் நினைவுக்கு வருவார். உனக்கு வேறு யாராவது வந்தால் அவரையே வைத்துக்கொள்.

இப்போது ஒரு கணக்கு. 'ரெயின்' என்ற ஆங்கிலச் சொல், ஆர்-ஏ-ஐ-என், 'எஸ்-சி-எல்-ஆர்' என்று மாறுகிறது. அப்படியானால் 'ரோஸ்' எப்படி மாறும்? இரண்டையும் மேலும் கீழுமாக எழுதி வித்தியாசத்தை மட்டும் பார். 18 19 ஆனது, ஒன்று. 1 மூன்றானது, இரண்டு. 9 பன்னிரண்டானது, மூன்று. 14 பதினெட்டானது, நான்கு. விதி கையில் வந்துவிட்டது. ஆர்-ஓ-எஸ்-இ அதே படியில் ஏறினால் எஸ்-க்யூ-வி-ஐ. ஏறும்போது 26-ஐத் தாண்டினால் 26-ஐக் கழித்துவிடு. ஒய்-யோடு மூன்று கூட்டினால் 28, அதாவது இரண்டாவது எழுத்து.

வித்தியாசம் போடுவதற்கு முன்னால் ஒரு பார்வை பார்த்துக்கொள். கொடுத்த சொல்லின் அதே எழுத்துகள் இடம் மாறி நிற்கின்றனவா? அப்படியென்றால் கூட்டல் கழித்தல் எதுவும் வேண்டாம், வெறும் கலைப்புதான். வித்தியாசங்களில் ஒழுங்கே தெரியவில்லையா? சொல்லைத் திருப்பி எழுதி மறுபடி பார்.

சொல்லுக்கு எண் கொடுத்துக் கேட்பதும் உண்டு. 'ஸீ' (எஸ்-இ-ஏ) 56 என்றால் 'ரெயின்' எவ்வளவு? நேராகக் கூட்டினால் 19, 5, 1 சேர்ந்து 25தான் வருகிறது. எதிர் எழுத்துகளைக் கூட்டிப் பார்க்க வேண்டும். அதற்கு ஒவ்வொன்றாக மாற்றத் தேவையில்லை. மூன்று எழுத்து, மூன்று 27, அதாவது 81. அதில் 25 போனால் 56. 'ரெயின்' நான்கு எழுத்து, 108. நேர்க் கூட்டுத்தொகை 42. விடை 66. கணிதம் படித்த பெண் நீ, இந்தக் குறுக்கு வழியை நான் சொல்லாமலே கண்டுபிடித்திருக்க வேண்டும்!

வங்கித் தேர்வில் இதன் முகம் வேறு. முதல்நிலைத் தேர்வில் ரீசனிங், அதாவது யோசித்து விடை காணும் பகுதி, 35 கேள்வி, 20 நிமிடம். அங்கே வாக்கியம் கொடுப்பார்கள். 'மழை வந்தது இன்று' என்பது 'பா தி கோ', 'இன்று விடுமுறை நாள்' என்பது 'லா கோ மே', 'மழை நாள் நல்லது' என்பது 'மே சூ பா'. வரிசையை நம்பாதே, அது கலைத்துப் போட்டது. இரண்டு வாக்கியத்துக்கும் பொதுவான சொல் எது, பொதுவான குறி எது என்று வட்டம் போடு. முதல் இரண்டிலும் 'இன்று', ஆகவே அது 'கோ'. முதலிலும் மூன்றிலும் 'மழை', அது 'பா'. மிஞ்சிய 'வந்தது' தானாக 'தி' ஆகிவிடும்.

பெயர் மாற்றும் கேள்வியில் ஏமாந்துவிடாதே. சிவப்பை வெள்ளை என்றும், வெள்ளையைக் கறுப்பு என்றும், கறுப்பை நீலம் என்றும் சொன்னால் பாலின் நிறம் என்ன? அவசரத்தில் வெள்ளை என்று தட்டுகிறவர்கள் நிறைய. பால் நிஜத்தில் வெள்ளை, வெள்ளைக்கு இங்கே பெயர் கறுப்பு. ஒரே ஒரு படிதான், அதற்கு மேல் போகாதே.

இருபது நொடியில் விதி பிடிபடவில்லை என்றால் விட்டுவிட்டு அடுத்ததற்குப் போ. சி.ஜி.எல்.லில் சரியான விடைக்கு 2 மார்க், தப்புக்கு அரை மார்க் போகும். டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 எழுதும்போது அந்தப் பயம் இல்லை, தப்புக்கு மார்க் குறைக்க மாட்டார்கள், எதையும் விடாமல் போடு.

அம்மா, இன்னொரு கைடு வாங்க வேண்டாம். பஸ்ஸில் போகும்போது முன்னால் போகும் வண்டியின் நம்பர் பிளேட்டைக் காட்டி எழுத்துக்கு எண்ணும் எதிர் எழுத்தும் கேளுங்கள். டி.என். என்றால் 20, 14. எதிர் எழுத்து ஜி, எம். ஒரு வாரம் இப்படிக் கேட்டபின் அடுத்த மாதிரித் தாளை அனுப்புங்கள். மார்க்கைப் பிறகு பார்க்கலாம், ரஃப் தாளையும் மறக்காமல் வையுங்கள்.