பழைய ஃபிரிட்ஜுக்கு வீட்டிலேயே பெயிண்ட் அடிக்கலாமா?

செங்கோட்டையில் வசிக்கும் தாங்கள், கதவின் அடிப்பகுதி துருப்பிடித்த ஃபிரிட்ஜுக்கு இந்தச் சாரல் காலத்திலேயே பெயிண்ட் அடிக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக அடிக்கலாம், ஆனால் சாரல் ஓயும்வரை பொறுத்திருப்பதே நல்லது. ஆரியங்காவுக் கணவாய் வழியே வரும் ஈரக்காற்றில் ஸ்ப்ரே பெயிண்டின் பளபளப்பு மங்கி வெளிறிவிடும்; பூச்சுக்கு அடியில் ஈரம் தங்கினால் துரு மீண்டும் கிளம்பும்.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு, முதலில் சோப்புத் தண்ணீரால் நன்றாகத் துடையுங்கள். கைப்பிடியைச் சுற்றிப் பல ஆண்டுகளாகப் படிந்த எண்ணெய்ப் பிசுக்கின் மேல் எந்தப் பெயிண்டும் நிற்காது. துருவை 120 எண் உப்புத்தாளால் உலோகம் பளிச்சென்று தெரியும்வரை தேய்த்து, அன்றே துருவைத் தடுக்கும் அடிப்பூச்சான ரெட் ஆக்சைடு பிரைமர் பூசிவிட வேண்டும்; மற்றப் பரப்பை 400 எண் தாளால் பளபளப்பு மங்கும் அளவுக்குத் தேய்த்தால் போதும். பல மாடல்களில் பக்கவாட்டுத் தகட்டுக்குப் பின்னால், வெப்பத்தை வெளியேற்றும் கண்டன்சர் குழாய் ஓடுவதால், அங்கே உலோகம் தேய்க்கும் கிரைண்டர் மெஷின் வேண்டவே வேண்டாம். குழாயில் துளை விழுந்தால் குளிரூட்டும் கேஸ் வெளியேறிவிடும், இப்போதைய ஃபிரிட்ஜுகள் பலவற்றில் உள்ள ஆர்600ஏ என்ற கேஸ் தீப்பற்றக்கூடியதும்கூட.

கதவு ரப்பரை மாஸ்கிங் டேப்பால் மூடி, காற்றோட்டமுள்ள இடத்தில், அடுப்புக்கும் விளக்குக்கும் தொலைவாக வைத்து, ஸ்ப்ரேயைச் சுமார் 25 செ.மீ. தள்ளிப் பிடித்து, கையை ஓரிடத்தில் நிறுத்தாமல் மெல்லிய பூச்சாக மூன்று முறை அடியுங்கள். உணவு வைக்கும் உட்புறத்தில் பூசவே கூடாது. வாடை முழுவதும் போன பிறகே பிளக்கை மாட்டுங்கள். பூச்சு இறுகும்வரை ஓரிரு வாரங்களுக்குக் கதவில் காந்தம் ஒட்டாதீர்கள்.