தாழ்த்திய கார், உள் ஓரம் தேயும் டயர்

கேள்வி: என் ஸ்விஃப்ட்டில் லோயரிங் ஸ்பிரிங் போட்டு 40 மில்லிமீட்டர் இறக்கியிருக்கிறேன். முன் டயர் இரண்டும் வெளியே பார்த்தால் புதுசு போல இருக்கின்றன, உள் ஓரத்தில் கம்பி தெரிகிறது. ஸ்பிரிங் மாற்றிய கடையிலேயே அலைன்மென்ட் (சக்கரங்களின் கோணம்) பார்த்தார்கள். இப்போது கேம்பரையும் (சக்கரத்தின் சாய்வு) சரிசெய்ய வேண்டும், அதற்குத் தனிக் கட்டணம் என்கிறார்கள். கொடுக்கலாமா? டயருக்கு வாரண்டி கேட்க முடியுமா?
– வாசகர், கோவை

பதில்: கம்பி தெரியும் டயரில் ஹைவே பக்கம் போகவே போகாதீர்கள். டயர் மாற்றத்தான் வேண்டும். ஆனால் புது டயர் மாட்டும் அன்றே அலைன்மென்ட்டும் முடிய வேண்டும். இல்லாவிட்டால் அதுவும் இதே கதிதான்.

கடைக்காரரிடம் ஒன்று கேளுங்கள்: "கேம்பரை எதை வைத்து மாற்றுவீர்கள்?" உங்கள் காரில் முன்பக்கக் கேம்பரைத் திருகி மாற்றும் வசதியைக் கம்பெனி கொடுக்கவில்லை. ஸ்ட்ரட்டை (ஸ்பிரிங்கைத் தாங்கும் ஷாக் அப்சார்பர்) பிடிக்கும் போல்ட்டைத் தளர்த்தித் தள்ளி இறுக்கினால் துளியூண்டு நகரும், அவ்வளவே. "கேம்பர் போல்ட் போடுவோம்" (சாய்வை மாற்றுவதற்கான தனி போல்ட்) என்றால் நியாயமான பதில். அந்த போல்ட் பில்லில் தனியாக வரட்டும். "மெஷினே பார்த்துக்கும்" என்றால் காசை எடுத்துக்கொண்டு வேறு கடை பாருங்கள். மெஷின் அளக்கும், அது எதையும் திருகாது.

ஆனால் எனக்குச் சந்தேகம் கேம்பர் மேல் இல்லை, டோ மேல், அதாவது மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு. காரை இறக்கும்போது லோயர் ஆர்மின் (சக்கரத்தைக் கீழே பிடிக்கும் கை) கோணம் மாறி, சக்கரத்தின் தலை உள்ளே சாய்கிறது. அது கேம்பர். கூடவே டை ராடின் (ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் தண்டு) கோணமும் மாறுவதால் பல கார்களில் சக்கரங்களின் முன்பக்கம் வெளியே திரும்பிவிடுகிறது. அது டோ அவுட். வெறும் சாய்வு டயரை மெதுவாகத்தான் தேய்க்கும். சக்கரம் கால் டிகிரி திரும்பியிருந்தால், ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் டயர் நாலு மீட்டருக்கு மேல் பக்கவாட்டில் இழுபடுகிறது. சாய்ந்த சக்கரத்தில் அந்த இழுபறி முழுவதையும் வாங்குவது உள் ஓரம்தான். கம்பி தெரியாத இடத்தில் டயரின் குறுக்கே உள்ளங்கையால் தடவிப் பாருங்கள். ஒரு பக்கம் போகையில் வழவழப்பாகவும் திரும்பி வருகையில் ரம்பம் போலவும் இருந்தால் டோ தப்பு.

அதனால் முதலில் பால் ஜாயின்ட், டை ராட் எண்ட், ஆர்ம் புஷ் ஆகிய இணைப்புகளில் ஆட்டம் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். ஆட்டம் இருந்தால் அலைன்மென்ட் நிற்காது. பிறகு டோ. கேம்பர் இரண்டு பக்கமும் ஒரே அளவில், மைனஸ் (உள் சாய்வு) ஒன்றரை டிகிரிக்குள் இருந்தால் போல்ட்டுக்குச் செலவே வேண்டாம் என்பேன். அதற்கு மேல் என்றால் போடுங்கள். கேம்பரை மாற்றினால் டோவும் மாறும், அதைத் திரும்ப வைக்க வேண்டும். வேலைக்கு முன், வேலைக்குப் பின் என இரண்டு பிரின்ட்டும் கேட்டு வாங்குங்கள். மெஷினில் இருப்பது தாழ்த்தாத காரின் அளவு, அதனால் பிரின்ட்டில் கேம்பர் சிவப்பில், அதாவது அளவுக்கு வெளியே, நின்றால் பயப்பட வேண்டாம். டோ சிவப்பில் இருந்தால் வண்டியை எடுக்காதீர்கள். புது ஸ்பிரிங் சில வாரங்களில் இன்னும் கொஞ்சம் அமரும், அப்போது மறுபடி ஒரு தடவை பார்க்க வேண்டும்; ஸ்பிரிங் போட்ட கடையில் இதைச் சொன்னார்களா?

வாரண்டி கிடைக்காது. அது தயாரிப்புக் குறைக்கு மட்டும்தான், ஓரம் தேய்ந்ததற்கு இல்லை. அலைன்மென்ட் சரியாகச் செய்யவில்லை என்று கடை மேல் புகார் சொல்லலாம், 1915-ல் தேசிய நுகர்வோர் உதவி மையம் இருக்கிறது. பில்லும் அன்றைய பிரின்ட்டும் இருந்தால் பேச்சில் பலம் இருக்கும்.