மார்கழிக் காற்றில் வெளுக்கும் விரல்களோடு பனிமலைப் பயணம் போகலாமா?

கேள்வி: எனக்கு வயது 44. கடலூர் முதுநகரில் குடியிருக்கிறேன். சிப்காட் பகுதியில் ஒரு பட்டறையில் பதினெட்டு ஆண்டுகளாக உலோகம் தேய்க்கும் கிரைண்டர் பிடிக்கிறேன். ரத்த அழுத்தத்துக்கு நான்கு ஆண்டுகளாக அட்டினலால் மாத்திரை சாப்பிடுகிறேன். நாளொன்றுக்கு நான்கைந்து சிகரெட் பழக்கம் உண்டு. கடந்த இரண்டு மார்கழிகளாக, விடியற்காலையில் புல்லட்டில் புதுச்சேரிக்குப் போகும்போது, அரியாங்குப்பத்தை நெருங்குவதற்குள் வலக்கையின் ஆட்காட்டி விரலும் நடுவிரலும் சுண்ணாம்பு போல வெளுத்து மரத்துப்போகின்றன. டீக்கடையில் சூடான தம்ளரைக் கொஞ்ச நேரம் பிடித்திருந்தால் சுரீரென்ற வலியோடு நிறம் திரும்புகிறது. வரும் தை மாதம் நண்பர்கள் ஐவரும் நானும் சிம்லாவிலிருந்து இமாசலத்தின் ஸ்பிதிப் பள்ளத்தாக்கில் உள்ள காசா வரை பைக்கில் போகத் திட்டமிட்டிருக்கிறோம். எந்த மாதிரியான கையுறை வாங்கலாம்? தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டால் குளிர் தாக்காதா? கொஞ்சம் பிராந்தி உதவும் என்று ஒரு நண்பர் சொல்வது சரியா?

பதில்: நீங்கள் கையுறையைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். ஆனால், உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைகொள்ள வைத்தது அந்த இரண்டு விரல்கள்தாம். கடலூரிலும் புதுச்சேரியிலும் மார்கழி விடியலில்கூட வெப்பநிலை பெரும்பாலும் 20, 21 டிகிரிக்குக் கீழே இறங்குவதில்லை. அந்த அளவு குளிரிலேயே ரத்த ஓட்டம் நின்று வெளுத்துவிடும் விரல்களை, காரணம் என்னவென்று தெரிந்துகொள்ளாமல், பூஜ்யத்துக்குக் கீழே பல டிகிரி இறங்கும் இடத்துக்கு மோட்டார் சைக்கிள் கைப்பிடியில் வைத்துக் கொண்டுபோவதற்கு ஒரு மருத்துவராக நான் சம்மதிக்க இயலாது. இந்தத் தை மாதம் இப்பயணம் உங்களுக்கு வேண்டாம். ஏன் என்பதை விளக்கமாகவே சொல்கிறேன்.

குளிர் பட்டவுடன் விரல்களின் சிறு ரத்தக் குழாய்கள் அளவுக்கு மீறி இறுகி, விரல் முதலில் வெளுத்து, சிலருக்கு அடுத்து நீலம் பாய்ந்து, சூடு பட்டதும் சிவந்து வலிக்கும் நிலைக்கு ரேனோ நிகழ்வு என்று பெயர். மோரிஸ் ரேனோ என்ற பிரெஞ்சு மருத்துவர் 1862-ஆம் ஆண்டில் பாரிசில் அளித்த தம் ஆய்வேட்டில் இதை விவரித்தார். இளம் வயதில், பெரும்பாலும் பெண்களுக்கு, இரண்டு கைகளிலும் ஒன்றுபோல வருவது பொதுவாகத் தீங்கற்றது. நாற்பது வயதைக் கடந்த ஓர் ஆணுக்கு, ஒரே கையில், அதுவும் குறிப்பிட்ட இரண்டு விரல்களில் மட்டும் புதிதாக வருமானால், அதற்குப் பின்னால் வேறொரு காரணம் இருக்கிறது என்றே நாங்கள் எடுத்துக்கொண்டு தேடத் தொடங்குவோம்.

உங்கள் விஷயத்தில் அதிகம் தேட வேண்டியதில்லை. மூன்று காரணங்களை நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அவற்றுள் முதன்மையானது கிரைண்டர் என்று நினைக்கிறேன். அதிரும் கருவிகளை ஆண்டுக்கணக்கில் இறுகப் பிடித்து வேலை செய்பவர்களுக்கு விரல்களின் ரத்தக் குழாய்களும் நரம்புகளும் மெல்ல மெல்லச் சேதமடைகின்றன. பாறை துளைப்பவர்கள், மரம் அறுக்கும் எந்திரம் பிடிப்பவர்கள், வார்ப்புப் பட்டறைகளில் உலோகத்தைத் தேய்ப்பவர்கள் ஆகியோரிடம் இது நெடுங்காலமாக அறியப்பட்ட தொழில்நோய். ஆங்கிலத்தில் இதற்கு ‘வெள்ளை விரல்’ என்ற பெயரே உண்டு. கருவியின் அதிர்வை அதிகம் தாங்கும் விரல்களில் தொடங்கி, நுனியிலிருந்து அடிவரை வெளுப்பு ஏறிக்கொண்டே போகும். சட்டைப் பொத்தானைப் போடுவதிலோ தரையில் கிடக்கும் நாணயத்தை எடுப்பதிலோ தடுமாற்றம் வந்திருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. வந்திருந்தால் நரம்பும் பாதிக்கப்பட்டிருக்கிறது என்று பொருள். ரத்த ஓட்டக் கோளாறு ஓரளவு மீளக்கூடும். நரம்பு இழந்த உணர்ச்சி அவ்வளவு எளிதில் திரும்புவதில்லை. ஆகவே பயணம் போனாலும் போகாவிட்டாலும், பட்டறை வேலையைப் பற்றி நாம் தனியே பேசியாக வேண்டும்.

இரண்டாவது, மாத்திரை. அட்டினலால், இதயத் துடிப்பையும் ரத்த அழுத்தத்தையும் குறைக்கும் பீட்டா பிளாக்கர் வகையைச் சேர்ந்தது. கை கால் குளிர்ந்துபோவதும் ரேனோ நிகழ்வு தூண்டப்படுவதும் அவ்வகை மருந்துகளின் அறியப்பட்ட பக்கவிளைவுகள். இதைப் படித்த கையோடு மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். திடீரென நிறுத்தினால் நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் எகிறி, நெஞ்சுவலி வரையில் கொண்டுபோய்விடக்கூடும். எழுதிக் கொடுத்த மருத்துவரிடம் விரல் வெளுப்பதைச் சொல்லுங்கள். வேறு காரணத்துக்காக அம்மாத்திரை கட்டாயமில்லை என்றால், அவர் அதைப் படிப்படியாகக் குறைத்து, ரத்த அழுத்தத்தையும் குறைத்து விரல் குழாய்களையும் தளர்த்தக்கூடிய அம்லோடிபின் போன்ற மருந்துக்கு மாற்றக்கூடும். மூன்றாவதாகிய சிகரெட்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நிக்கோட்டின் ரத்தக் குழாயை இறுக்கும், ஏற்கெனவே இறுகும் குழாயை மேலும் இறுக்கும். நான்கைந்துதானே என்று இருந்துவிடாமல் முழுமையாக விட வேண்டும்.

இனி நீங்கள் போக நினைக்கும் இடத்துக்கு வருவோம். காசா ஏறத்தாழ 3,700 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மணாலியிலிருந்து வரும் வழியில் உள்ள குன்ஸும் கணவாய் பனிக்காலத்தில் மூடிவிடுவதால், சிம்லாவிலிருந்து கின்னௌர் வழியாகச் செல்லும் சாலை ஒன்றே திறந்திருக்கும். தை மாதத்தில் அங்கே பகலிலேயே வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே இருப்பது வழக்கம். இரவில் மைனஸ் 20-க்கும் கீழே போகும். நிற்கும் மனிதனுக்கே இவ்வளவு என்றால், ஓடும் வண்டியில் இருப்பவன் தன் வேகத்தாலேயே காற்றையும் உண்டாக்கிக்கொள்கிறான். உடலை ஒட்டியுள்ள மெல்லிய வெப்பக் காற்றுப் படலத்தை அந்தக் காற்று தொடர்ந்து பிடுங்கிக்கொண்டே போகும். மைனஸ் 10 டிகிரியில் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகக் காற்று படும்போது வெற்றுத் தோல் வெப்பத்தை இழக்கும் விதம், காற்றில்லாத மைனஸ் 21 டிகிரியில் இழப்பதற்குச் சமம். மைனஸ் 15 டிகிரி என்றால் அது மைனஸ் 27 ஆகிவிடும். இந்தக் கணக்கு மைனஸ் 28-ஐத் தொட்டால் மூடாத தோல் பத்து முதல் முப்பது நிமிடங்களுக்குள் உறையக்கூடும் என்று கனடா நாட்டு வானிலைத் துறை மக்களை எச்சரிக்கிறது. சிம்லாவிலிருந்து காசா வரையிலான பயணமோ நாள்கணக்கிலானது.

குளிரில் உடல் தன் உள்ளுறுப்புகளின் 37 டிகிரியைக் காப்பாற்றுவதற்காகக் கை கால்களின் ரத்தத்தை முதலில் குறைத்துவிடுகிறது. பிறகு, விரல் செத்துவிடாமலிருக்க, இடையிடையே குழாய்களைச் சற்றுத் திறந்து வெதுவெதுப்பான ரத்தத்தை அனுப்பவும் செய்கிறது. வெப்பநாட்டில் பிறந்து வளர்ந்தவர்களிடம் இந்த இரண்டாவது செயல் குளிர்நாட்டாரைவிட மந்தமாக இருக்கிறது. ரேனோ உள்ளவரிடம் அது மேலும் தடைப்படும். விரலின் வெப்பநிலை 15 டிகிரி அளவுக்கு இறங்கும்போதே நுட்பமாக இயங்கும் திறன் குறையத் தொடங்கும். 8 டிகிரி அளவில் தொடுவுணர்வே போய்விடும். உங்களுக்கு வெளுப்பது வலக்கையின் ஆட்காட்டி விரலும் நடுவிரலும், அதாவது முன்சக்கர பிரேக்கைப் பிடிக்கும் விரல்கள். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு நொடியில் 11 மீட்டர் ஓடுகிறது. ஒரு பக்கம் சட்லஜ் ஆற்றுப் பள்ளமும் கண்ணாடி போல உறைந்த நிலமுமாக இருக்கும் சாலையில், எவ்வளவு அழுத்துகிறோம் என்று தெரியாத விரலோடு பிரேக் பிடிப்பதை எண்ணிப் பாருங்கள்.

இவை எல்லாவற்றையும்விட நான் அஞ்சுவது ஒன்று உண்டு. மற்றவர்களுக்கு விரல் வெளுத்து மரத்துப்போனால் அது புதிய அனுபவம்; பயந்து வண்டியை நிறுத்துவார்கள். உங்களுக்கோ அது இரண்டு ஆண்டுகளாகப் பழகிய ஒன்று. டீக்கடை வந்தால் சரியாகிவிடும் என்று ஓட்டிக்கொண்டே போய்விடுவீர்கள். ஃப்ராஸ்ட்பைட் எனப்படும் உறைபனிப் புண்ணின் தொடக்கமும் அதே வெளுப்பும் அதே மரப்பும்தான். வித்தியாசம் என்னவென்றால், அங்கே குழாய் இறுகுவதோடு நிற்காமல் திசுவுக்குள் இருக்கும் நீரே பனிக்கட்டியாகிறது. வலி நின்றுபோவதை நிம்மதி என்று எண்ணுகிற அந்த நேரத்தில்தான் விரல் பறிபோகத் தொடங்குகிறது.

இப்போது கையுறைக் கேள்விக்கு விடை சொல்கிறேன். இது உங்கள் நண்பர்களுக்கும் பயன்படும். கையை வெதுவெதுப்பாக வைத்திருப்பது முதலில் கையுறை அல்ல, நெஞ்சும் கழுத்தும் தலையும்தான். உடலின் நடுப்பகுதி குளிர்ந்தால் எவ்வளவு விலையுயர்ந்த கையுறைக்குள்ளும் ரத்தம் வராது. உடலை ஒட்டி, வியர்வையைப் பிடித்து வைக்காத கம்பளி அல்லது செயற்கை இழை உள்ளாடை, அதன்மேல் தடித்த கம்பளி, எல்லாவற்றுக்கும் மேல் காற்று புகாத மேலங்கி என்று அடுக்கடுக்காக அணிய வேண்டும். நம் ஊருக்கு ஏற்ற பருத்தி பனியன் அங்கே வியர்வையில் நனைந்து குளிர்ந்து எதிரியாகிவிடும். கையுறை சற்றுத் தளர்வாக, உள்ளே ஒரு மெல்லிய கம்பளி உறை போடுமளவுக்கு இடத்தோடு இருக்கட்டும். இறுக்கமானது ரத்தத்தைத் தடுக்கும். மின்சாரத்தால் சூடாகும் கைப்பிடியும், கைப்பிடியோடு சேர்த்துக் கையை மூடும் உறையும் மெய்யாகவே உதவுகின்றன. பெட்ரோல் நிரப்பும்போது வெறுங்கையில் அது சிந்தக் கூடாது. அந்தக் குளிரில் உறையாமல் திரவமாகவே இருக்கும் பெட்ரோல், தோலில் பட்டு ஆவியாகும்போது நொடிகளில் உறைபனிப் புண்ணை உண்டாக்கிவிடும்.

தேங்காய் எண்ணெய் தோல் வெடிப்பைத் தடுக்கும், குளிரைத் தடுக்காது. பின்லாந்து ராணுவ வீரர்களிடம் நடந்த ஆய்வில், முகத்திலும் காதிலும் பாதுகாப்புக் களிம்பு தடவிக்கொண்டவர்களுக்கே உறைபனிப் புண் அதிகம் வந்தது தெரியவந்தது. களிம்பு தரும் வெதுவெதுப்பான உணர்வை நம்பி அவர்கள் வேறு பாதுகாப்பைக் குறைத்திருக்கக்கூடும். பிராந்தியும் அப்படித்தான். தோலின் குழாய்கள் விரிவதால் சூடு ஏறியதுபோலத் தோன்றும். உண்மையில் உள்ளே இருக்கும் வெப்பம் வெளியே போய்க்கொண்டிருக்கும், நடுக்கமும் மட்டுப்படும், மதியும் மங்கும். நண்பர் நல்லெண்ணத்தில்தான் சொல்லியிருப்பார், ஆனால் அந்தப் புட்டி புதுச்சேரியிலேயே இருக்கட்டும்.

நண்பர்களில் யாருக்கேனும் விரல் வெளுத்து மரத்துப்போனால் உடனே வண்டியை நிறுத்தி, கையை அக்குளுக்குள்ளோ இன்னொருவரின் வயிற்றோடு சேர்த்தோ வைக்க வேண்டும். சில நிமிடங்களில் உணர்ச்சி திரும்பாமல், தோல் மெழுகுபோலக் கெட்டியாகவே இருந்தால் அது உறைபனிப் புண். தேய்க்கக் கூடாது, உள்ளே இருக்கும் பனித்துகள்கள் திசுவைக் கிழித்துவிடும். நெருப்பிலோ சூடான சைலன்சரிலோ காட்டவும் கூடாது. உணர்ச்சியற்ற விரல் வெந்துபோவது தெரியாது. 37 முதல் 39 டிகிரி வரையிலான வெந்நீரில், அதாவது உணர்ச்சியுள்ள மற்றொருவரின் முழங்கை இதமாகத் தாங்கும் சூட்டில், அரை மணி நேரம் வரை அமிழ்த்தி வைக்கலாம். ஆனால் மருத்துவமனைக்குப் போகும் வழியில் அந்த விரல் மீண்டும் உறையக்கூடும் என்றால், உருக்காமல் மூடிக்கொண்டு போவதே மேல். உருகிய பின் மறுபடி உறைவது முன்னதைவிடப் பெரிய நாசம்.

உடல் முழுவதும் குளிர்ந்து 35 டிகிரிக்குக் கீழே இறங்குவது வேறோர் ஆபத்து. ஒருவர் நடுங்கிக்கொண்டிருக்கும்வரை அவர் உடல் போராடுகிறது. பேச்சு குழறி, இடறி நடந்து, கேட்டால் ஒன்றுமில்லை என்று சொல்லி, நடுக்கமும் நின்றுவிட்டால் உடனே அவரைக் கூரைக்குள் கொண்டுபோய் ஈர உடையைக் களைந்து போர்த்திப் படுக்கவைத்து மருத்துவ உதவி தேட வேண்டும். தனக்கு வந்திருப்பதை அவரால் உணர இயலாது என்பதால், ஒருவரை ஒருவர் கவனிப்பதற்காக மணிக்கொருமுறை நிற்பது அவசியம். இரவில் அறையை மூடிக்கொண்டு கரி அடுப்பு மூட்டித் தூங்கினால் நிறமும் மணமும் இல்லாத கார்பன் மோனாக்சைடு உயிரை எடுத்துவிடும்; புகைபோக்கி இல்லாத எந்த அடுப்பும் படுக்கும் அறையில் எரியக் கூடாது.

உயரத்தைப் பற்றியும் ஒரு சொல். 3,000 மீட்டருக்கு மேல், இரவு தங்கும் உயரம் நாளுக்கு 500 மீட்டருக்கு மேல் கூடாமல் ஏறுவது நல்லது. உயரத்தால் வரும் உடல்நலக் கோளாறைத் தவிர்க்கப் பலர் சாப்பிடும் அசெட்டசோலமைடு மாத்திரை விரல் நுனிகளில் ஊசி குத்துவதுபோன்ற மதமதப்பைத் தரும். மற்றவர்களுக்கு அது சிறு தொந்தரவு. உங்களுக்கோ குளிரின் எச்சரிக்கையை மறைக்கும் இன்னொரு திரை.

மஞ்சக்குப்பத்தில் உள்ள அரசு தலைமை மருத்துவமனையிலோ கோரிமேடு ஜிப்மரிலோ பொது மருத்துவப் பிரிவில் முதலில் காட்டுங்கள். சர்க்கரை, தைராய்டு, இரண்டு கைகளின் நாடியும் ரத்த அழுத்தமும், ஸ்கிளிரோடெர்மா (தோல் இறுகித் தடிக்கும் நோய்) போன்றவற்றுக்கான ரத்தப் பரிசோதனை, தேவைப்பட்டால் நரம்புப் பரிசோதனை ஆகியவற்றைச் செய்வார்கள். எத்தனை ஆண்டுகள், நாளுக்கு எத்தனை மணி நேரம் கிரைண்டர் பிடிக்கிறீர்கள் என்பதை எழுதிக்கொண்டு போங்கள். கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம். மருத்துவமனை அறையில் உங்கள் விரல்கள் இயல்பான நிறத்தில்தான் இருக்கும். ஆகையால் அடுத்த முறை அவை வெளுக்கும்போது வண்டியை ஓரமாக நிறுத்தி, மற்றொரு கையும் தெரியும்படி கைப்பேசியில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பரிசோதனை முடிந்து, சிகரெட்டை விட்டு, மருந்து சரிசெய்யப்பட்டு, அடுத்த மார்கழியில் அரியாங்குப்பம்வரை விரல் வெளுக்காமல் போய் வந்தீர்களானால், அதற்கடுத்த கோடையில், ஜூன் கடைசியிலோ செப்டம்பரிலோ, அதே காசாவுக்குப் போவதைப் பற்றி உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். அப்போதும் சூடாகும் கைப்பிடியைப் பொருத்திக்கொண்டே புறப்படுங்கள்.