ஏற்காடு அண்ணாவுக்கு: உபுண்டு 20.04-ல இருந்து நேரா 24.04 போகலாமா?

வணக்கங்கண்ணா, எஸ்டேட் கணக்கு பாக்குற பழைய லேப்டாப், 4 ஜிபி ரேம், உபுண்டு 20.04 (விண்டோஸுக்குப் பதிலா ஓட்டுற லினக்ஸ் சிஸ்டம்), நேரா 24.04-க்கு தாவலாமான்னு கேட்டிருந்தீங்க. நேரா முடியாதுங்க, முதல்ல 22.04, அப்புறந்தான் 24.04. அதுக்காக அப்படியே விட்டுடாதீங்க, 20.04-க்கு சாதாரண சப்போர்ட் 2025 மே மாசத்தோடவே முடிஞ்சிருச்சு. உடனே நேரமில்லன்னா உபுண்டு ப்ரோல (பழைய வெர்ஷனுக்கும் அப்டேட் குடுக்குற சந்தா) பதிவு பண்ணுங்க, சொந்த உபயோகத்துக்கு 5 மெஷின் வரைக்கும் காசு கிடையாது, செக்யூரிட்டி அப்டேட் வந்துட்டிருக்கும்.

ஆனா என்னைக் கேட்டா ரெண்டு படி ஏறவே வேண்டாம், புதுசா லினக்ஸ் மின்ட் 22 எக்ஸ்எஃப்சிஇ (உபுண்டு மாதிரி இன்னொரு சிஸ்டம், லேசான டெஸ்க்டாப்போட) போட்டுக்கோங்க, அதுவும் 24.04 மேல கட்டினதுதான், 2029 வரைக்கும் ஓடும், 4 ஜிபிக்கு தோதா இருக்கும். பென்டிரைவ்ல போட்டு இன்ஸ்டால் பண்ணாமலேயே ஓட்டிப் பாத்து வைஃபை, பிரிண்டர் ரெண்டும் எடுக்குதான்னு பாத்துட்டு முடிவு பண்ணுங்க.

கரண்ட் விஷயத்துல மட்டும் ரொம்ப உஷாரா இருங்கண்ணா. இங்க சேலத்துல நான் 22.04-க்கு ஏத்துறப்ப பாதியில கரண்ட் போய், பேட்டரியும் செத்தது, திரும்பப் போட்டா வெறும் கருப்பு ஸ்க்ரீன். க்ரப் மெனுல (ஆன் பண்றப்ப வர்ற மெனு) ரிக்கவரி மோடு போய் டிபிகேஜி ரிப்பேர் (பாதியில நின்ன பேக்கேஜ்களை சரி பண்றது) குடுத்து, விட்ட இடத்துலருந்து முடிக்க ராத்திரி ரெண்டு மணி ஆச்சு. உங்க மலையில இடி மழைன்னா கேக்கவே வேண்டாம், வெயில் நாளாப் பாத்து ஆரம்பிங்க. அதுக்கு முன்னாடி கணக்கு ஃபைல், ஹோம் ஃபோல்டர் மொத்தத்தையும் வெளி டிஸ்க்ல காப்பி பண்ணி, வேற கம்ப்யூட்டர்ல ஒண்ணு ரெண்டு ஃபைலைத் திறந்து பாத்துருங்க. பேட்டரி எவ்ளோ நேரம் நிக்குதுன்னு சொல்லுங்கண்ணா.