தூண் கள்ளிப் போத்து: கேள்வி பதில்

கேள்வி: சார், பக்கத்து வீட்டில் ஆள் உயரத்துக்கு செரியஸ் என்கிற தூண் கள்ளி நிற்கிறது. ஒரு துண்டு தருகிறார்களாம். எப்படி வெட்டுவது? (திருச்சி)

பதில்: ஒரு அடித் துண்டு போதும். கத்தியை ஸ்பிரிட்டால் துடைத்துவிட்டு வெட்டுங்கள். வெட்டிய முகத்தில், பச்சைச் சதைக்கு நடுவே வெளிறிய வளையம் ஒன்று தெரியும். வேர் பெரும்பாலும் அங்கிருந்துதான் வரும். காயக் காயச் சதை உள்ளே சுருங்கும், தடித்த தோல் சுருங்காது. அப்படியே விட்டால் வளையம் குழிக்குள் போய் மாட்டிக்கொள்ளும். அதனால் விளிம்பைச் சுற்றிலும் சாய்வாகச் சீவிவிடுங்கள். வளையத்தில் பழுப்புப் புள்ளி இருந்தால் அழுகல் ஏறியிருக்கிறது. சுத்தமான சதை வரும்வரை வெட்டித் தள்ளுங்கள். தாய்ச்செடிக்கு ஒன்றும் ஆகாது, வெட்டுக்குக் கீழே புதுக் கிளை விடும்.

கேள்வி: முருங்கைப் போத்து மாதிரி அன்றைக்கே நட்டால் என்ன, அண்ணா? (தேனி)

பதில்: முருங்கை மன்னிக்கும், இது மன்னிக்காது. விரல் கனம் என்றால் ஒரு வாரம், கை கனம் என்றால் மூன்று வாரம்கூட, காற்றோட்டமான நிழலில் காய வேண்டும். வெட்டு முகம் மட்டை மாதிரி இறுகியிருந்தால் சரி. படுக்கப் போடாமல் சாய்த்து நிறுத்துங்கள். வாரக்கணக்கில் படுத்தால் பக்கவாட்டில் வேர்விட்டு நுனி வளைந்துவிடும்.

கேள்வி: நட்டதிலிருந்து தினமும் தண்ணீர் ஊற்றுகிறேன். அடி மெத்தென்று ஆகிவிட்டது. (தாம்பரம்)

பதில்: ஊற்றியதுதான் வினை! வேர் இல்லாத துண்டு எதைக் குடிக்கும்? பிடுங்கி, மெத்தென்ற பகுதியை வெட்டி எறிந்து, மறுபடி காய வையுங்கள். தொட்டி மண் கலவையில் பெருமணலும் உடைத்த செங்கலும் பாதிக்கு மேல் இருக்கட்டும். எம்சாண்ட் என்றால் தூள் போகக் கழுவுங்கள். தேங்காய் நார்த்தூள் ஈரத்தைப் பிடித்து வைக்கும், வேண்டாம். இரண்டு அங்குல ஆழத்தில் நட்டு, குச்சி கட்டி, மறந்துவிடுங்கள். ஒரு மாதம் கழித்து மெல்ல இழுத்துப் பாருங்கள். பிடித்துக்கொண்டால் முதல் தண்ணீர்.

கேள்வி: ஐப்பசியில் நடலாமா? (கடலூர்)

பதில்: அடைமழையிலா? தை, மாசி வரட்டும்.

கேள்வி: வெட்டியதும் பாலாக வடிந்தது. (சிவகாசி)

பதில்: அப்படியென்றால் அது செரியஸ் இல்லை, சதுரக்கள்ளி மாதிரியான யூபோர்பியா வகை. பால் கண்ணில் பட்டால் நிறைய தண்ணீரில் கழுவிவிட்டு உடனே டாக்டரிடம் போங்கள். போத்து எடுக்கலாம், கையுறை, கண்ணாடி போட்டுக்கொண்டு, வெட்டு முகத்தைத் தண்ணீரில் அலசிப் பால் நின்றதும் காய வையுங்கள்.